மூன்று நாள் டிரெஸ்ஸர்

டிரெஸ்ஸர் சீவரத்தினம் தம் வாழ்நாளில் யாருக்கும் மூன்று நாளுக்கு மேல் மருந்து கொடுத்ததில்லை. காய்ச்சலா, மூன்று நாள். ரப்பர்ப் பால் வெட்டுகிற கத்தி பட்டுக் கால் சீழ் வைத்ததா, மூன்று நாள். பிள்ளை பெற்றவளுக்கு ஜன்னியா, அதற்கும் மூன்று நாள்தான். நாலாம் நாள் போய் நின்றால் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார். தெர்மாமீட்டர் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். "சுகம் வந்திட்டுது, போ" என்பார். மலாயாவில் காப்பார் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் அவருக்கு மூணு நாள் டிரெஸ்ஸர் என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே ஐயா.

போன மாதம் அவர் செத்துப்போனார். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிற பிள்ளைகள் தமிழ்ப் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு மரண அறிவித்தல் போட்டிருந்தார்கள். டை கட்டிய படம். கீழே 'முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏழைத் தொழிலாளரின் உயிர்காத்த உத்தமர்' என்று இருந்தது. படித்ததும் கோப்பியைப் பாதியில் தள்ளி வைத்தேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்றாள் என் மனைவி வீரம்மா. நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன், கிள்ளானில் இருபத்தாறு வருடம் டாக்சி ஓட்டியவன். அந்த உத்தமரையும் அவருடைய நாயையும் ஐந்து தடவை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவரை எனக்குத் தெரிந்த அளவுக்குப் பெர்த்துக்குத் தெரியாது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதம் ஒரு தடவை காரில் வருவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை எல்லாம். சீவரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வெள்ளைக் கால்சட்டையும் மெருகு போட்ட சப்பாத்துமாக நிற்பார். நாங்கள் படிக்குக் கீழே நிற்க வேண்டும். மாத்திரையைக் கையில் கொடுக்க மாட்டார். மேசை ஓரத்தில் வைப்பார், நாங்கள் எட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி அனுப்பிய மருந்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வருடக் கடைசியில் பிஸ்கட் டின்னில் போட்டுத் துரையிடம் திருப்பிக் கொடுப்பார். சுற்றுவட்டாரத்திலேயே மருந்துச் செலவு குறைந்த தோட்டம் நம்முடையது என்று துரை பூரித்துப்போய், ஐம்பத்தைந்தாம் வருடம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எங்களை நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம். அப்போது என் தம்பி செத்து மூன்று மாதம்.

தம்பி பெயர் வேலு, வயது ஆறு. தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் மாத்திரை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடினான். பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி மூன்று நாள் மாத்திரை, மறுபடி ஓட்டம். மூன்றாம் தடவை வந்தபோது கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டோம். லோரி பால் ஏற்றப் போயிருந்தது. என்ன நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண் பட்டுவிட்டது என்றாள் அம்மா. சாகும்வரை அப்படித்தான் நம்பினாள்.

அதற்கு முப்பத்தொரு வருடம் கழித்து, எண்பத்தாறில், கிள்ளான் டாக்சி ஸ்டாண்டில் அவரைத் திரும்பப் பார்த்தேன். அந்த வருடம் எங்கும் வேலை இல்லை, யாரிடமும் காசு இல்லை, டாக்சிக்காரர்கள் பாதி நாள் காரைத் துடைத்துக்கொண்டு நின்றோம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், ஒரு கையில் குடை, மறு கையில் நாய்ச் சங்கிலி, ஒவ்வொரு டாக்சியாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். யாரும் ஏற்றவில்லை. மலாய்க்கார டிரைவர்கள் ஏற்ற மாட்டார்கள், அது அவர்கள் மார்க்கம். சீனரும் நம்மவரும் சீட்டு நாறிவிடும் என்று ஏற்ற மாட்டார்கள். கிட்டே வந்ததும் சப்பாத்தைப் பார்த்தேன். இன்னமும் மெருகு.

"தம்பி, பிரிக்பீல்ட்ஸ் போகவேணும். நாய்க்குச் சலம் போகேக்க எரியுது போல. கத்துது."

"ஏறுங்க ஐயா," என்றேன். அந்த 'ஐயா' என்னைக் கேட்காமலே வாயிலிருந்து வந்தது. அதற்காகவே அன்று முழுவதும் என்மேல் எனக்குக் கோபம்.

என் டாக்சியை இரவில் ஓட்டுகிறவர் பாக் மாட், மலாய்க்காரர். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். நாய் ஏறினால் அவரிடம் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அவர் மார்க்கப்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். "துஜூ காலி, லிங்கம்," என்று ஏழு விரலைக் காட்டுவார். ஏழு தடவை. பக்கத்தில் நின்று எண்ண மாட்டார். என் வார்த்தையை நம்பி ஏறி உட்கார்ந்து ஓட்டுவார். அதனால் டிரெஸ்ஸரிடம் போக வர, காத்திருக்க முப்பது வெள்ளி, கழுவப் பத்து வெள்ளி என்றேன். மற்றவர்களுக்கு இருபது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

ஃபெடரல் ஹைவேயில் போகும்போது விசாரித்தார். எந்தத் தோட்டம், தாய் தகப்பன் யார். சொன்னேன். பால் மரம் வெட்டிய மாரியாயி மகன் இராமலிங்கம் என்றேன். "ஓமோம்," என்றார். ஒன்றும் ஞாபகம் இல்லை என்று அந்த ஓமோமிலேயே தெரிந்தது. தம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவராகக் கேட்பார் என்று சுபாங் வரை காத்திருந்தேன். அவர் தன் மனைவி மீனலோசனி போன வருடம் தவறிவிட்டதையும், பிள்ளைகள் பெர்த்துக்குக் கூப்பிடுவதையும், நாயை விமானத்தில் ஏற்றக் கேட்கிற காசையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நாய் பெயர் ரோசி. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது, வயது ஒன்பது. மனைவி வளர்த்தது. கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து என் சீட்டு முதுகில் தாடையை வைத்துக்கொண்டே வந்தது.

கிள்ளானிலேயே மிருக டாக்டர் இருக்கும்போது இருபது மைல் தாண்டி ஏன் போகிறார் என்று பிறகுதான் புரிந்தது. கிள்ளான் டாக்டர் சீனர். மூன்று நாள் மாத்திரை மட்டும் உதிரியாகத் தரமாட்டேன் என்று அவர் சொல்ல, இவர் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டார். பிரிக்பீல்ட்சில் இருந்த டாக்டர் மார்க்கிரட் சிலோன் குடும்பத்துப் பெண். நம்மட ஆள், விலை குறைப்பாள் என்று கணக்கு. குறைத்தாள், ஐந்து வெள்ளி. அந்த ஐந்து வெள்ளிக்கு என்னிடம் நாற்பது வெள்ளி கொடுத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அவருக்குக் கை நடுங்கியதால் மேசை மேல் நாயை நான்தான் பிடித்தேன். டாக்டர் சொன்னது எல்லாம் என் காதிலும் விழுந்தது.

"மூத்திரப் பையில இன்ஃபெக்ஷன், அங்கிள். பொட்டை நாய்க்கு வயசானா வர்றதுதான். பதினாலு நாள் மருந்து. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு மூணு நாள்ல நல்லாயிட்ட மாதிரி தெரியும். நிறுத்தாதீங்க லா. நிறுத்தினா திரும்ப வரும், அப்புறம் அந்த மருந்து கேக்காது."

"எனக்குச் சொல்லத் தேவையில்லை, பிள்ளை. நான் முப்பத்திரண்டு வருசம் மருந்து குடுத்தவன்."

திரும்பி வரும் வழியில் மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் தட்டிக் காட்டினார். "இருபத்தெட்டுக் குளிசை. மூண்டு நாளைக்கு ஆறு காணும். மிச்சம் அடுத்த முறைக்கு ஆச்சு. ஒருக்கா வாங்கினால் நாலு முறைக்கு வரும். இந்தக் காலத்து டொக்டர்மாருக்குச் சிக்கனம் தெரியாது."

நிறுத்தினால் திரும்ப வரும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் டாக்டர் சொன்னாள். முப்பத்தொரு வருடமாக எங்கள் வீட்டில் கண் பட்டது என்று நம்பிக்கொண்டிருந்த தம்பியின் சாவு, பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது எனக்கு விளங்கியது. காரை ஓரம் கட்டி அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயைக் கண்ணாடியில் பார்த்தேன், இது திரும்ப வரும், இன்னொரு நாற்பது வெள்ளி என்று நினைத்தேன். இவர் கட்டிக்காத்த அந்த மூன்று நாள் இவர் வீட்டிலேயே என்ன செய்கிறது என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது. மறைக்க மாட்டேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்படியே நடந்தது. ஐந்து மாதம் கழித்து ஆள் அனுப்பினார். இடையில் மூன்று தடவை வந்ததாம். மூன்று தடவையும் டின்னில் இருந்த மிச்சத்தை மூன்று மூன்று நாள் கொடுத்துச் சரிப்படுத்தினாராம். இந்தத் தடவைதான் கேட்கவில்லையாம். "குளிசை பழசாப் போச்சுது போல," என்றார். மறுபடி பிரிக்பீல்ட்ஸ், மறுபடி பதினாலு நாள் மருந்து, மறுபடி சட்டைப் பையில் தட்டல்.

அன்றைக்கு அவர் வீட்டு வாசல் குழாயிலேயே காரைக் கழுவினேன். அவர் தண்ணீர், அவர் பில். பண்டமாரான் பக்கம் வரிசை வீடு, முன்னால் இரும்புக் கேட், சிமெண்டுத் தரை. முதலில் பூந்தொட்டி மண்ணைக் கரைத்து ஊற்றித் தேய்த்தேன். பிறகு நல்ல தண்ணீர். அவர் கதவோரம் நின்று எண்ணினார். நாலாவது வாளி பிடிக்கும்போது பொறுக்க முடியவில்லை.

"மூண்டு தரம் காணாதே? அழுக்குப் போட்டுதெல்லோ. ஏன் தண்ணியை வீணாக்கிறாய்?"

"ஏழு ஐயா."

"கண்ணால பார், ஊத்தை இல்லை."

"கண்ணுக்குத் தெரியறதுக்கா கழுவுறேன்? ஏழுன்னா ஏழு."

குழாயைத் திருகி மூடிவிட்டார். நான் திரும்பத் திறந்தேன். அவர் மறுபடி மூடினார். பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. துரை கொடுத்த கடிகாரம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே ஏழாவது வாளியை நிரம்பப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து வீரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தாளு செஞ்சதுக்கு அந்த நாய் என்ன பண்ணுச்சு?"

"அது அந்தாளு நாய்," என்றேன்.

"நீங்க எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கீங்க. அவரு தெரியாம செய்றாரு. யாரு பெரியவரு?"

அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது தடவை ரோசிக்கு மூத்திரத்தில் ரத்தம். சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் முதுகை வளைத்து ஒரு முனகல். டாக்டர் முகம் மாறிவிட்டது. எந்த மருந்து கேட்கும் என்று சோதனைக்கு அனுப்ப வேண்டும், மூத்திரம் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பினாள். டிரெஸ்ஸர் சப்பாத்தோடு ஒதுங்கி நின்றார். கோப்பிக் கடையிலிருந்து ஒரு பால் டின்னை வாங்கிச் சுடுதண்ணீரில் கழுவி, துடைப்பக் கட்டையில் கட்டி, நாய்க்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நடந்தவன் நான். அது உட்காரும்போது டின்னை நீட்டினால் எழுந்துவிடும். கடைசியில் ஒரு லோரிக்குப் பின்னால், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, நாலு சொட்டு விட்டது. அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாம் தடவை காய்ச்சல் வந்தபோது பாயில் கிடந்து பார்த்தானே, அவனிடம்.

ஒரு வாரம் கழித்து முடிவு கேட்கப் போனது நாலாவது தடவை. டாக்டர் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"பழைய மருந்து எதுவும் இனிமே கேக்காது, அங்கிள். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. விலை அதிகம், பதினாலு நாளுக்கு நூத்தி அறுபத்தெட்டு வெள்ளி. இதுவும் கேக்காம போனா கிட்னிக்குப் போயிரும். அப்புறம் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுதான். ஒண்ணு கேக்கிறேன், நிஜம் சொல்லுங்க. போன ரெண்டு தடவையும் முழுசா குடுத்தீங்களா?"

"முழுக்கக் குடுத்தனான்," என்றார் சீவரத்தினம். கண் இமைக்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தாள். நாயைப் பிடித்திருந்த என் கை நாயின் விலா எலும்புகளில் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். ஐயா என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு எழவில்லை என்று சொல்லலாம். அது பாதிதான் நிஜம். மீதி, இவர் அந்த நாயைப் புதைக்கட்டும் என்று நினைத்தேன்.

காசு கொடுக்கும்போது நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார். வண்டியில் ஏறியதும் மாத்திரையை எடுத்துப் பார்த்து, "ஒண்டு ஆறு வெள்ளி," என்றார். "நல்ல வீரியமான மருந்து. இது மூண்டு நாளும் தேவைப்படாது."

அவரை வீட்டில் இறக்கிக் காரைக் கழுவினேன். சாக்கில் ரத்தமும் மூத்திரமுமாக இருந்தது. முதலில் மண், பிறகு தண்ணீர். ஐந்து, ஆறு. ஆறாவது முடிந்தபோது நேரமாகிவிட்டது, இதோடு விட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. பாக் மாட்டுக்குத் தெரியப் போவதில்லை. பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. ஏழாவது வாளியைப் பிடித்து ஊற்றினேன். யாரும் பார்க்காத ஏழாவது வாளிக்கு இவ்வளவு யோக்கியம் பேசுகிறவன், எல்லாம் தெரிந்துகொண்டு டாக்டர் முன்னால் ஊமையாக நின்றேன். வெட்கமாக இருந்தது. என்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர் மேல் எடுத்துக்கொண்டு, ஈரக்காலோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவர் மேசையில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆறு தனியாக, மீதி டின்னுக்கு. அதே மாதிரி பிஸ்கட் டின்.

"குடுங்க," என்றேன்.

"என்னது?"

"இருபத்தெட்டும். நான் குடுத்துக்கிறேன். காலைல சவாரிக்கு முன்னால வருவேன், சாயங்காலம் வண்டி விடறதுக்கு முன்னால வருவேன். பதினாலு நாள்."

"உனக்கு என்ன விசரா? ஆர் நீ எனக்குச் சொல்ல? நான் முப்பத்திரண்டு வருசம்..."

"முப்பத்திரண்டு வருசம் என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். குடுக்கலேன்னா இப்பவே பிரிக்பீல்ட்சுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிருவேன். அந்த டாக்டரும் உங்களுக்கு மருந்து தராது. என் டாக்சியும் வராது. வேற எவன் இந்த நாய ஏத்தறான்னு பாக்கறேன்."

ரோசி எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு மாத்திரைகளை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். கையில் கொடுக்கவில்லை. எட்டி எடுத்துக்கொண்டேன்.

காசு கேட்கவில்லை. வாங்கினால் வேலைக்காரன் ஆகிவிடுவேன், நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம். விடிந்ததும் போனேன். கயா ஜாம் தடவிய ரொட்டித் துண்டுக்குள் மாத்திரையை வைத்து நீட்டினேன், ரோசி இரண்டு கடியில் விழுங்கியது. சாயங்காலமும் அப்படியே. அவர் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் சாயங்காலம் ரத்தம் நின்றுவிட்டது. நாய் கேட்டுக்கு ஓடிவந்து வாலை ஆட்டியது.

நாலாம் நாள் காலையில் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

ஹார்னில் கையை வைத்தேன், எடுக்கவில்லை. அந்த வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக் கதவும் திறந்தது. கடைசியாக அவர் வெளியே வந்தார்.

"சுகம் வந்திட்டுது. பார், ஓடித் திரியுது. சுகம் வந்த சீவனுக்கு ஏன் மருந்து? ஆறு வெள்ளிக் குளிசை. வை, அடுத்த முறைக்கு உதவும்."

"அடுத்த முறை வராம இருக்கத்தான் இது."

நான் கம்பி வழியாக ரொட்டியை நீட்டினேன். ரோசி ஓடி வந்தது. அவர் குனிந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு பின்னால் சறுக்கியது.

"நாலாம் நாள் என் தம்பியும் இப்படித்தான் ஓடினான்," என்றேன். "டயர் உருட்டிக்கிட்டு. ரெண்டு தடவை மருந்து குடுத்தீங்க, மூணு மூணு நாள். ஆறு வயசுல செத்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"எந்தத் தம்பி?"

"வேலு."

"எத்தினையாம் லயம்?"

முப்பத்தொரு வருடமாக நான் எத்தனையோ பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"நாலாவது லயம். பதினேழாம் நம்பர்."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் இன்னும் கொடுமை. "நாலாம் லயத்தில எத்தினையோ பிள்ளையள்," என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "கொம்பனி அளந்துதான் மருந்து தந்தது. எண்ணூறு சனம். நான் என்ன செய்யிறது?"

"அளந்து குடுத்ததுல மிச்சம் பிடிச்சு டின்ல போட்டுத் திருப்பிக் குடுத்தீங்களே. அத என்ன செய்யச் சொன்னாங்க? உங்க கூடத்துல மாட்டியிருக்கே, மணி பாக்கறீங்களே, அது எதுக்குக் குடுத்தாங்க?"

பக்கத்து வீட்டு ஆன்டி, எதிர் வீட்டுச் சீனர், பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள், எல்லோரும் நின்று பார்த்தார்கள். கழுத்துப் பட்டை அவர் பிடியிலிருந்து நழுவியதா, அவரே விட்டாரா, எனக்குத் தெரியாது. விட்டார் என்று சொல்லி அவருக்குப் பெருமை சேர்க்க எனக்கு இஷ்டமில்லை. ரோசி வந்து ரொட்டியைத் தின்றது.

அன்று சாயங்காலம் கேட்டில் பூட்டு இல்லை. அதன் பிறகு பத்து நாளும் இருக்கவில்லை. பேச்சும் இல்லை. நான் வருவேன், கொடுப்பேன், போவேன். ஒரு நாள் சுபாங் ஜெயாவில் நல்ல சவாரி ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். வீரம்மா மட்டும் ஒவ்வொரு இரவும் இன்னும் எத்தனை மாத்திரை என்று கேட்பாள்.

பதினாலாம் நாள் சாயங்காலம் கடைசி மாத்திரை. ரோசி ரொட்டியைத் தின்றுவிட்டு என் விரலை நக்கியது. வாசல் குழாயில் கையைக் கழுவக் குனிந்தேன். அவர் வந்து குழாயைத் திறந்துவிட்டார். ஏழு தடவையும் கழுவி முடிக்கும்வரை நின்றார், மூடவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தொண்டை வீக்கம் எண்டு சொன்னனியா அண்டைக்கு?"

"சொல்லல. ஆனா தொண்டைதான்."

"ம்."

"எத்தனை நாள் குடுத்திருக்கணும்?" என்று கேட்டேன். "நீங்கதானே டிரெஸ்ஸர். சொல்லுங்க."

யோசிப்பார் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி உடனே சொன்னார்.

"ஏழு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றபோதும், மாத்திரையை மேசை ஓரத்தில் வைத்தபோதும், புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் போ என்றபோதும், ஏழு என்று தெரிந்துதான் மூன்று கொடுத்திருக்கிறார். தெரியாமல் செய்கிறார் என்று வீரம்மா சொன்னாளே, நானும் பாதி நம்பியிருந்தேன். கையைக் கால்சட்டையில்கூடத் துடைக்காமல் வண்டியில் ஏறினேன்.

அடுத்த மாதம் திரும்பப் பரிசோதனைக்கு ரோசியையும் அவரையும் நான்தான் பிரிக்பீல்ட்சுக்கு ஏற்றிப்போனேன். மூத்திரம் சுத்தமாக இருக்கிறது, இனி பயமில்லை என்றாள் டாக்டர் மார்க்கிரட். அதற்குப் பிறகும் அந்த நாய் நாலு வருடம் இருந்தது. அன்றைக்கும் நாற்பது வெள்ளியை எண்ணி வாங்கிக்கொண்டேன், ஒரு காசு குறைக்கவில்லை. இறங்கும்போது அவர், "போயிட்டு வா, தம்பி," என்றார். சரி என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நாக்கில் வந்து நின்ற ஐயாவை அன்றைக்கு நான் அவருக்குக் கொடுக்கவில்லை, அதற்குப் பிறகு அவர் சாகும்வரை கொடுக்கவில்லை.